முப்பது மீட்டர் தள்ளி

சாங்கி முனையில்
பன்னிரண்டாவது ஆள் வரும்வரை படகு நகராது.
பதினொன்று நான். பத்து ஹஸ்வானி.
சைக்கிள்களுக்குத் தனிக்காசு, தலைக்கணக்கில் சேர்த்தியில்லை.
காத்திருந்த நேரத்தில் என் கைக்கடிகாரம்
வானத்தோடு பேசி முடித்திருந்தது:
துணைக்கோள்கள் பதினான்கு, பிழை மூன்று மீட்டர்.
திறந்த நீரில்
என்னைத் தொலைப்பது கடினம்.

உபின் தீவில் கேத்தாம் தடம்
நீர் நிரம்பிய கல்குவாரியைச் சுற்றுகிறது.
யாரும் பால் வெட்டாத ரப்பர் மரங்கள்
வரிசை மறந்து காடாகிவிட்ட இடம்.
முதல் இறக்கத்திலேயே இலைகள் மூடிக்கொள்ளும்.
பதினான்கு ஒன்பதாகும், ஐந்தாகும்.
சொற்களுக்கிடையே மூச்சு வாங்கும் கிழவனைப்போல
கடிகாரம் விட்டுவிட்டுச் சொல்லும்:
இங்கே. இங்கே. இல்லை, அங்கே.

ஏழு கொண்டை வளைவுகளை
ஒரே கோடாக நீட்டிவிடும் அது.
பல்லைக் கடித்து நான் ஏறிய மேடு
வரைபடத்தில் ஏறப்படாமலே கிடக்கும்.
ஒரே தடம், ஒரே காலை,
ஹஸ்வானியின் மணிக்கட்டில் நானூறு மீட்டர் கூடுதல்.
"மரங்களுக்குக் கட்டும் வரி," என்பாள்,
தன்னிடம் மட்டும் வசூலிக்கவில்லை என்ற பெருமையோடு.

அவள் முன்னே போய்விட்டிருந்தாள்.
இரவு மழையில் ஊறிய வேர் ஒன்று,
குறுக்கே, பளபளவென்று.
பார்த்தேன். பார்த்தது போதவில்லை.

கீழே கிடந்தபோது
இடக்கை எனக்கடியில், வலக்கை கைப்பிடிக்கடியில்.
மணிக்கட்டு அதிர்ந்தது.
*விபத்தா? முப்பது. இருபத்தொன்பது.*
இல்லை என்று அழுத்த ஒரு விரல் வேண்டும்.
பத்து விரல்களும் வேறெங்கோ வேலையாயிருந்தன.
பதினேழில்தான் நினைவு வந்தது
நான்கு வருடம் முன்பு, பெட்டியைப் பிரித்த அன்று,
அவசரத்துக்கு யாருடைய எண்ணைக் கொடுத்தேன் என்று.
ஈசூன் வீட்டை விற்பதா வேண்டாமா என்று
வழக்கறிஞர் அறை வாசலில் கத்திக்கொண்ட பிறகு
எட்டு மாதமாய்ப் பேசாத அறவாழி.
ஆறு. ஐந்து.
சைக்கிளைத் தள்ளினேன். சங்கிலி தொடையில் பதிந்தது.
*அனுப்பப்பட்டது.*

என் தொலைபேசி இந்தத் தீவில் அடிக்கடி நாடு மாறும்.
'மலேசியா உங்களை வரவேற்கிறது' என்று
அன்றும் இருமுறை சொல்லியிருந்தது.
எந்த நாட்டு அலைவரிசையில் வந்தானோ,
வந்துவிட்டான்.

"நீ தண்ணிக்குள்ள இருக்கே."

"என்னது?"

"படத்துல நடுத் தண்ணியில நிக்குது புள்ளி.
உனக்கு நீச்சல் தெரியாதேடி!"

கருங்கல் சுவரில் மோதித் திரும்பும் சமிக்ஞை,
இலைகள் பாதி தின்றது,
மிச்சத்தை வைத்துக் கடிகாரம் போட்ட கணக்கு;
இதையெல்லாம் விளக்க வாய் வரவில்லை.
சிரிப்புதான் வந்தது. விலா வலித்தது.
"கரையிலதான் இருக்கேன்.
முப்பது மீட்டர் தள்ளி."

"அப்ப பக்கத்துல என்ன இருக்கு, சொல்லு."

சொன்னேன்.
பெரணி. சிவப்பு மண்.
கீழே நீரில் பாதி மூழ்கிய பட்டமரம்,
அதன்மேல் எதற்கும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நாரை.
முட்டியிலிருந்து ரத்தம், அதிகமில்லை.
ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான்,
பேனாவால் குறித்துக்கொள்பவன்போல.
வீட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

"அந்தக் கடிகாரத்த மாத்து மொதல்ல."

"பாக்கலாம்."

ஹஸ்வானி திரும்பி வரும்வரை வைக்கவில்லை.

இரவில் பதிவைத் திறந்தேன்.
நான்கு நிமிடம் பதினொரு விநாடி
கல்குவாரி நீரின்மேல் அசையாமல் நின்றிருக்கிறேன்.
நாரையே அவ்வளவு நேரம் நின்றிருக்காது.
கோட்டை இழுத்துக் கரையில் போட ஒரு வசதி உண்டு,
போடவில்லை.
இடம்தான் தவறு, துடிப்புக்கு வானம் தேவையில்லை:
வேரில் விழுந்தபோது நூற்று எழுபத்தொன்று.
திரையில் அவன் பெயர் வந்தபோது
நூற்று எழுபத்தெட்டு.

அவசர எண்ணை மாற்றவா என்று
அமைப்புகளில் ஒரு வரி கேட்டது.
முட்டியில் மருந்து காயவில்லை,
விரலெல்லாம் மஞ்சள்.
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.